பழி மீனுக்கு, நஞ்சு சோற்றில்

விடியப்புறம் மூன்று மணி. பந்தலுக்குப் பின்னால் கல் கூட்டி மூட்டிய அடுப்பில் கிடாரம் கொதிக்கிறது. நாலரை மணிக்கு இரண்டு பேர் சாக்குத் துணியால் பிடித்துக் கிடாரத்தைச் சரித்துக் கஞ்சி வடிக்கிறார்கள். வடித்த சோற்றின்மேல் வாழையிலை, அதன்மேல் ஈரச் சாக்கு, அதற்கும் மேலே பெரிய தாம்பாளம். சோற்று வேலை முடிந்தது, இனிக் கறிகளைக் கவனிக்கலாம் என்று தலைமைச் சமையற்காரர் மூச்சு விடுகிறார். வழிபாடு முடிந்து, பேச்சுகள் முடிந்து, முதற்பந்தி உட்காரும்போது மணி பன்னிரண்டரை. கடைசிப் பந்திக்கு மூன்று மணியாகிவிடும். அப்போதும் தாம்பாளத்தைத் தூக்கினால் சோற்றில் இளஞ்சூடு இருக்கிறது. "இன்னும் சூடு ஆறவில்லை, பார்த்தீர்களா?" என்று பரிமாறுபவர் பெருமையோடு சொல்கிறார்.

மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் இந்தக் காட்சிக்குச் சமய வேறுபாடில்லை. கோயில் அன்னதானம், தேவாலயத் திருநாள் நேர்ச்சைச் சாப்பாடு, பள்ளிவாசல் கந்தூரி எல்லாவற்றுக்கும் இதே கிடாரம், இதே நேரக் கணக்கு. ஓகஸ்ட் 15 மடுத் திருநாளுக்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து கூடாரமடித்துத் தங்கும் குடும்பங்களும், சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரத்தில் பாலாவியில் நீராட வருபவர்களும் வீட்டில் கட்டிய சோற்றையோ மடத்தில் கிடைக்கும் சோற்றையோ உண்டுதான் அந்த நாட்களைக் கடத்துகிறார்கள்.

பின்னேரம் யாருக்காவது சத்தி வந்தால் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "மத்தியானம் என்ன மீன் சாப்பிட்டாய்?" மீன் இல்லாத சாப்பாடென்றால் பழி இறைச்சிக்கு, அதுவும் இல்லையென்றால் தண்ணீருக்கு. சோற்றை யாரும் சந்தேகிப்பதில்லை. இந்த நம்பிக்கைதான் ஆபத்தானது. சமைத்து நெடுநேரம் வெளியே கிடந்த சோறு, கெட்ட மீனைப்போலவே ஆளை விழுத்தக்கூடியது. கெட்ட மீன் பெரும்பாலும் நாறிக் காட்டிக் கொடுத்துவிடும். சோற்றில் மணமோ நிறமோ சுவையோ மாறாமலே நஞ்சு ஊறியிருக்கலாம்.

வெந்தும் சாகாதது

அந்த நஞ்சைச் செய்வது பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியா. எங்கோ இருந்து வந்து தொற்றுவதல்ல, மண்ணிலேயே வாழ்வது. கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் முருங்கன், நானாட்டான் வயல்களென்றாலும் உலகின் வேறெந்த வயலென்றாலும், நெல்லோடு சேர்ந்து அதன் வித்திகளும் வீட்டுக்கு வரும். அரிசியைக் களைந்தால் குறையும், முழுதாகப் போகாது. பருப்பு, மிளகாய்த்தூள், மசாலாத்தூள், மா ஆகியவற்றிலும் இவை இருக்கும்.

வித்தி என்பது அந்தக் கிருமி தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கவசம். நூறு பாகையில் சோறு வெந்து மலர்ந்து வரும்போது மற்றக் கிருமிகள் செத்துவிடும், இது சாகாது. உலைச் சூடு அதை உறக்கத்திலிருந்து எழுப்பவும் செய்கிறது. இறக்கிய சோறு ஏறத்தாழ 50 பாகைக்குக் கீழே வந்ததும் வித்தி முளைக்கிறது. போட்டிக்கு வேறு கிருமி இல்லை. ஈரம் இருக்கிறது, மாப்பொருள் இருக்கிறது. 30 பாகைக்குச் சற்று மேலே பெருக்கம் மிக வேகம். அரை மணிக்கு ஒருமுறை இரட்டித்தாலே ஏழு மணி நேரத்தில் ஒன்று 16,384 ஆகிவிடும்.

இதுவரை நடந்தது வளர்ச்சி மட்டும். திரும்பச் சூடாக்கினால் வளர்ந்த கிருமிகள் பெரும்பாலும் செத்துவிடும். ஆனால் அவை சோற்றுக்குள் விட்டுவைத்த செரியுலைட் என்ற நஞ்சு அப்படியே இருக்கும். 121 பாகையில் ஒன்றரை மணி நேரம் வைத்தும் அது அழியவில்லை என்று ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். பிரஷர் குக்கரின் உச்சச் சூடே ஏறக்குறைய அவ்வளவுதான். இரைப்பையின் அமிலமும் செரிமான நொதிகளும்கூட அதை ஒன்றும் செய்வதில்லை. தாச்சியில் வறுத்தாலும், கொத்துத் தட்டில் போட்டு அடித்தாலும், மைக்ரோவேவில் ஆவி பறக்க வைத்தாலும் நஞ்சு நஞ்சாகவே வயிற்றுக்குள் போகும்.

நம் வீடுகளில் எல்லாரும் நம்பும் "நல்லாச் சூடாக்கினால் ஒன்றும் செய்யாது" என்ற சொல் இந்த இடத்தில் செல்லாது. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

[பெட்டி] எத்தனை மணி நேரத்தில் வந்தது?

*அரை மணி முதல் 6 மணி நேரத்துக்குள், சத்தியே முதன்மை:* சோறு, நூடில்ஸ், பாஸ்தா போன்ற மாப்பொருள் உணவில் செரியுலைட். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும்.

*1 முதல் 6 மணி நேரத்துக்குள், கடும் சத்தி, வயிற்று நோவு:* ஸ்டபிலோகொக்கஸ் ஒறியஸ். கையிலுள்ள புண், மூக்குச் சளி வழியாகச் சமைத்த உணவில் சேர்வது. இதன் நஞ்சும் சூட்டுக்கு அஞ்சாது.

*6 முதல் 16 மணி நேரத்தில், வயிற்றோட்டமே முதன்மை:* பசிலஸ் சீரியஸின் இன்னொரு முகம், அல்லது பெரிய பானை இறைச்சிக் கறியில் வளரும் குளொஸ்ட்ரிடியம் பேர்பிரிஞ்சன்ஸ்.

*சில நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள், முகம் சிவத்தல், அரிப்பு, தலையிடி:* இது மீனின் வேலை. சூரை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்ரமின் சேரும். இதுவும் சமைத்தால் போகாது.

ஒஸ்லோவில் தொடங்கிய கதை

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் நோர்வேயின் ஒஸ்லோ நகரில் மருத்துவமனை உணவு உண்ட ஏறத்தாழ 600 பேருக்கு வயிறு கெட்டது. எல்லாரும் உண்டது வனிலா சோஸ். சோள மாவைக் காய்ச்சி முதல் நாளே செய்து, வெளியே வைத்திருந்தார்கள். ஸ்டைனர் ஹௌகே என்ற ஆய்வாளர் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். தம் சொல்லை நிறுவ, கிருமி வளர்த்த சோஸைத் தாமே குடித்து நோயில் விழுந்தார். 1950-இல் அவருடைய ஆய்வு வெளிவந்த பிறகே "மண் கிருமிதானே" என்று விட்டிருந்ததை உலகம் உற்றுப் பார்த்தது.

சோற்றின் முறை 1970-களின் தொடக்கத்தில் வந்தது. பிரித்தானியாவின் சீன உணவகங்களில் பிரைட் ரைஸ் உண்டவர்கள் சில மணி நேரத்தில் சத்தி எடுத்தார்கள். ஒன்றல்ல, அடுத்தடுத்துப் பல இடங்களில். சமையலறைகளில் விசாரித்தபோது காரணம் தெரிந்தது. வெள்ளைச் சோற்றை மொத்தமாக வடித்து, இரவு முழுக்க வெளியே ஆற விடுவது அவர்களின் வழக்கம். பிரிட்ஜில் வைத்த சோறு கட்டியாகிவிடும், வறுக்கும்போது உதிராது என்பது சமையற்காரர்கள் சொன்ன நியாயம்.

மன்னார் நகரிலோ வேறெந்த ஊரிலோ பிரைட் ரைஸ் போடும் யாரையும் கேட்டுப் பாருங்கள். "அன்றைக்கு வடித்த சோறு குழையும். ஆறின சோறுதான் உதிரியாக வரும்." ஐம்பது வருடத்துக்கு முந்திய அதே நியாயம்.

அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் 1993 ஜூலை 21 அன்று இரண்டு சிறுவர் பராமரிப்பு நிலையங்களுக்கு ஓர் உணவகத்திலிருந்து கோழி பிரைட் ரைஸ் போனது. முந்திய இரவு வடித்து வெளியே ஆற விட்டு, பிறகு பிரிட்ஜில் வைத்த சோறு அது. காலையில் எண்ணெயில் வறுத்தார்கள். பத்தரை மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நண்பகல்வரை அது வெளியே இருந்தது. அந்தச் சோற்றை உண்ட 48 பேரில் 14 பேர் நோயுற்றார்கள். அங்கே பிரிட்ஜும் இருந்தது, வறுக்கவும் செய்தார்கள். இரண்டும் காப்பாற்றவில்லை. காலம் பிந்திவிட்டது.

நம்முடைய வெயில், நம்முடைய பார்சல்

ஐரோப்பியப் புத்தகங்களில் "அறை வெப்பநிலை" என்று போட்டிருப்பது இருபது பாகையை ஒட்டியது. மன்னாரில் பகல் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதி முப்பதைச் சுற்றியே நிற்கும். சித்திரை, வைகாசியில் அதைத் தாண்டிப் போகும். மாரி காலம் தவிர இரவிலும் 25-க்குக் கீழே இறங்குவது அரிது. சோற்றில் இந்த நஞ்சு நன்றாக உருவாகும் சூடு 25 முதல் 30 பாகை. அதாவது வெளியே வைத்த சோறு இங்கே தானாக ஆறி முடியும் இடமே கிருமிக்கு வாய்ப்பான இடம். சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, 32 பாகைக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரமே எல்லை என்று அமெரிக்க விவசாயத் திணைக்களம் தன் மக்களுக்குச் சொல்கிறது. அந்த ஒரு மணி நேரம்தான் நமக்குரிய எல்லை.

கிடாரத்துச் சோறு எப்படி ஆறுகிறது என்று பாருங்கள். ஓரமும் மேற்பரப்பும் முதலில் சூடு இறங்கும். நடுப்பகுதி மணிக்கணக்காகச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். 60 பாகைக்கு மேல் நிற்கும்வரை பயமில்லை, கிருமி வளராது. ஆனால் சூடு இறங்கத் தொடங்கினால் அந்த ஈரச் சாக்கும் வாழையிலையும் அதை 50-க்கும் 30-க்கும் நடுவே பல மணி நேரம் தாங்கிப் பிடிக்கின்றன. கையை வைத்தால் சுடுகிறதே என்று நம்புவதிலும் பயனில்லை: 45 பாகை நம் கைக்குச் சூடு, கிருமிக்கு இன்னும் வளரக்கூடிய சூடு.

பார்சல் சோற்றில் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. சூடாகக் கட்டிய பொதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அட்டைப் பெட்டியில் அடுக்குகிறார்கள். ஆவி வெளியேற வழியில்லை. உள்ளே வியர்த்துச் சோறு நனைகிறது. நடுவில் உள்ள பார்சல் மத்தியானம்வரை இளஞ்சூடாகவே இருக்கும். லஞ்ச் ஷீற்றும் றெஜிபோம் பெட்டியும் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டது சுற்றுச்சூழலுக்காக. சோறு மூச்சு விடாமல் அடைபடும் இந்தச் சிக்கல் எந்தப் பெட்டியில் கட்டினாலும் உண்டு.

பேசாலையிலும் வங்காலையிலும் பின்னேரம் கடலுக்கு இறங்குபவர்கள் வீட்டில் கட்டிய சோற்றை வலை விட்ட பிறகு, இரவு பத்து, பதினொரு மணிக்குத்தான் அவிழ்ப்பார்கள். மத்தியானம் வடித்த சோறு என்றால் அதற்குப் பத்து மணி நேர வயது. கடல் நடுவில் சத்தி தொடங்கினால் கரைக்கு வர வழி தூரம், குடிதண்ணீரோ கொண்டுபோன கலனில் உள்ளதுதான்.

பிரிட்ஜ் இருக்கிறதே என்று சொல்லலாம். 2022 மார்ச் கடைசியில் இந்நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிரிட்ஜ் இருந்தும் உள்ளே குளிர் இல்லாத நாட்கள் அவை. பல வீடுகளில் பெரிய பானையோடு சோற்றை உள்ளே தள்ளிவிடுகிறார்கள். நடுச் சோறு குளிர்வதற்குள் விடிந்துவிடும்.

பழஞ்சோறு கற்றுத்தந்தது

அப்படியானால் எங்கள் அப்பாச்சி பழஞ்சோறு தின்று தொண்ணூறு வயதுவரை இருந்தாரே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பழஞ்சோறு என்பது மிஞ்சிய சோற்றில் உடனே தண்ணீர் ஊற்றி வைப்பது. தண்ணீர் சூட்டை இறக்கிவிடும். இரவில் அது புளிக்கும். லக்ரிக் அமிலம் செய்யும் கிருமிகள் பெருகிப் புளிப்பை ஏற்றும். புளிப்பு நன்றாக ஏறிய இடத்தில் பசிலஸ் சீரியஸ் வளர இயலாது. தோசை மாவு புளிப்பதும் இதே வழியில்தான்.

தண்ணீர் ஊற்றாமல் பானையில் மூடி வைத்த சோறு பழஞ்சோறு ஆகாது. பத்து மணிக்கு மூடி வைத்ததைக் காலையில் தேங்காய்ப் பாலும் மிளகாயும் போட்டுக் கிளறுவது வேறு சாப்பாடு, அதன் ஆபத்தும் வேறு. பழஞ்சோறானாலும், ஆறேழு மணி நேரம் வெளியே கிடந்த சோற்றில் தண்ணீர் ஊற்றினால் காலம் பிந்திவிட்டது; முன்னரே ஊறிய நஞ்சைப் புளிப்பு அழிக்காது.

ஒரு நாள் சத்தி என்று விட்டுவிடலாமா?

பெரும்பாலானோருக்கு இது ஒரு நாள் அவதியோடு போய்விடும். அதனால்தான் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் செரியுலைட் உடலணுக்களில் சக்தியை உருவாக்கும் மைற்றோகொண்ட்ரியாவைத் தாக்கும் நஞ்சு. அளவு மிஞ்சினால் ஈரல் செயலிழக்கும். 1997-இல் வெளியான மருத்துவ அறிக்கை ஒன்று, நாட்கணக்கில் வெளியே வைத்திருந்த சோஸோடு ஸ்பகெட்டி உண்ட 17 வயது இளைஞன் ஈரல் செயலிழந்து இறந்ததைப் பதிவுசெய்தது. பெல்ஜியத்தில் 2003-இல் சரியாகக் குளிராத பிரிட்ஜில் மூன்று நாள் இருந்த பாஸ்தா சலாட்டை ஒரு வீட்டின் ஐந்து பிள்ளைகள் உண்டார்கள். ஏழு வயதுச் சிறுமி இறந்தாள். அந்தப் பிரிட்ஜின் சூடு 14 பாகை. அதே நாட்டில் 2008-இல், ஐந்து நாள் சமையலறையில் கிடந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கி உண்ட 20 வயது மாணவர் விடிவதற்குள் இறந்தார். இத்தகைய மரணங்கள் மிக அரிது. அரிது என்பது அந்தத் தாய்மாருக்கு ஆறுதல் ஆகாது.

சாவு இல்லாமலே பெரிய இழப்பு வரும். தமிழ்நாட்டின் பூந்தமல்லியில் 2021 டிசெம்பரில் பொக்ஸ்கொன் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் இருநூற்றுக்கு மேற்பட்டோர் உணவு நஞ்சாகி நோயுற்றார்கள், 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளின் நிலை தெரியாமல் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். தொழிற்சாலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்து 2022 ஜனவரியில்தான் திறந்தது. மொத்தமாகச் சமைத்து மொத்தமாகப் பரிமாறும் இடத்தில் ஒரு சமையலறையின் பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அது சாட்சி.

மன்னாரில் இழப்பு சத்தமில்லாமல் நடக்கும். நாட்கூலிக்குப் போகிறவருக்கு இரண்டு நாள் தொழில் போகும். தலைமன்னாரில் ஒரு குழந்தைக்கு இரவில் சத்தி நிற்கவில்லை என்றால் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வரவேண்டும். ஓட்டோ பிடிக்கக் காசு வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு உடலில் நீர் வற்றுவது மணிக்கணக்கில் நடந்துவிடும்.

உணவு நஞ்சாதல் இலங்கையில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். வைத்தியர் சந்தேகப்பட்டாலே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து விசாரிப்பார். மாவட்டவாரியான எண்ணிக்கையைத் தொற்றுநோயியல் பிரிவு தன் வாராந்த அறிக்கையில் வெளியிடுகிறது. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு நாளில் நின்றுவிடும் சத்திக்கு யார் ஆசுப்பத்திரி போகிறார்கள்? போகாதவர் அந்த எண்ணிக்கையில் இல்லை. அறிக்கையில் மன்னாருக்கு நேரே பூச்சியம் இருந்தால் மன்னாரில் யாருக்கும் வரவில்லை என்று கொள்ள முடியாது.

[பெட்டி] சத்தி தொடங்கினால்

• ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூளை ஒரு பக்கற்றுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். கஞ்சித் தண்ணீரும் நல்லது.

• அன்ரிபயோற்றிக் வேண்டாம். நஞ்சு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. அந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது.

• சிறுநீர் குறைந்தால், பிள்ளை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தால், மலத்தில் இரத்தம் வந்தால், கண் மஞ்சளித்தால், ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் உடனே வைத்தியசாலை. கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் காத்திருக்கவே வேண்டாம்.

மாற்ற வேண்டியது நேரம்

இதற்குப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தரும் சாப்பாட்டையே பாருங்கள். விடியக் காலை அம்மாமார் சமைத்ததைக் காலையிலேயே பரிமாறிவிடுகிறார்கள். உலைக்கும் வாய்க்கும் நடுவே உள்ள நேரம் குறைவு. பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.

திருவிழா, அன்னதானக் குழுவினரிடம் கேட்பது இதுதான். கறிகளை முதலில் சமைத்து அடுப்பில் கொதிநிலையில் வையுங்கள். சோற்றைக் கடைசிக்கு விடுங்கள். ஒரே கிடாரத்தில் எல்லாச் சோற்றையும் வடிக்காமல் இரண்டு மூன்று தரமாக, பந்திக்குப் பந்தி உலை வையுங்கள். ஆட்களுக்கு வேலை கூடும் என்பது உண்மை. தொண்டுக்கு வரும் இளைஞர்களில் சிலரை இதற்கே ஒதுக்கலாம்.

சோற்றை ஆறவைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் பரப்புங்கள். முன்பு பெரிய விருந்துகளில் பாயில் வெள்ளைத் துணி விரித்துச் சோற்றைக் கொட்டிப் பரப்பியதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெல்லிய படையாகப் பரப்பிய சோறு விரைவில் ஆறும். துணியும் கையும் சுத்தமாக இருக்க வேண்டும், ஈ மொய்க்கக் கூடாது. கடைக்காரர்களும் அப்படியே தட்டையான தட்டுகளில் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் பிரைட் ரைஸுக்கு அது உதிரியாகவே வரும். கட்டியானால் கையால் உதிர்த்துவிடலாம். பின்னேரம் சுட்டு அடுக்கிய கொத்து றொட்டிக்கும் இதே கவனம் வேண்டும். வீட்டில் ரைஸ் குக்கரை அணைக்காமல் "வார்ம்" நிலையில் விட்டால் சோறு பொதுவாக 60 பாகைக்கு மேல் நிற்கும். அணைத்துவிட்டு மூடியபடி விட்ட குக்கரைப்போல் ஆபத்தான பாத்திரம் வேறில்லை.

1980-ஆம் ஆண்டின் 26-ஆம் இலக்க உணவுச் சட்டம் உண்ணத் தகாத உணவை விற்பதைக் குற்றமாக்குகிறது. சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட, திருநாள் தொடங்குமுன் சமையற்காரர்களைக் கூட்டி ஒரு மணி நேரம் இதை விளக்குவது கூடிய பயன் தரும். பிரதேச செயலகமும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் பங்குச் சபைகளும் கோயில், பள்ளிவாசல் நிருவாகங்களும் சேர்ந்தால் மடுத் திருநாளுக்கும் சிவராத்திரிக்கும் முன்னால் இதைச் செய்துவிடலாம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரே சாப்பாட்டை உண்ட இரண்டு மூன்று பேருக்குச் சத்தி வந்தால், மிச்சச் சோற்றை நாய்க்கும் கோழிக்கும் கொட்டிவிடாதீர்கள். சுத்தமான பையில் கட்டி, எப்போது சமைத்தது, எப்போது உண்டது என்று எழுதி, யாரும் எடுத்து உண்ணாதபடி பிரிட்ஜில் வையுங்கள். உங்கள் பகுதி பி.எச்.ஐ.யைக் கூப்பிட்டு அதைக் கொடுங்கள். மொத்தமாகச் சமைக்கிறவர்கள் ஒவ்வொரு சமையலிலும் ஒரு பிடி சோற்றையும் கறிகளையும் மூன்று நாளுக்கு எடுத்து வையுங்கள். மீனா, இறைச்சியா, சோறா என்று பரிசோதனை செய்து சொல்ல அந்த ஒரு பிடி போதும்.